ஊதச் சொல்கிறவன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் விருத்தகிரி பிறத்தியார் வாயை மோந்து பார்க்க வேண்டும். குடியை விட்ட ஆண்கள் தங்கும் அந்த விடுதிக்கு அவன் வந்து எட்டு மாதம் ஆகிறது; ஆறு மாதமாக இதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கேட்டுக்கு உள்ளே வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் மூக்கைக் கொண்டுபோய் “ஊது” என்பான். அதற்கென்று வாங்கிய மிஷின் ஆபீஸ் பீரோவில் செத்துக் கிடந்தது. பீடியோ புகையிலையோ தொடாதவன் என்பதால் இவன் மூக்கு சுத்தம் என்று பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் கண்டுபிடித்துவிட்டார். செராமிக் கம்பெனியில் பதினாறு வருஷம் மண் தூசியை இழுத்த மூக்குக்கு அப்படி ஒரு மரியாதை.

மனுஷ வாயைப் போல ஓர் அசிங்கம் உலகத்தில் கிடையாது என்பது அவன் முடிவு. சொத்தைப் பல், நேற்றுத் தின்ற கருவாடு, வயிற்றுப்புண்ணின் புளிப்பு. சிலபேர் ஊதினால் எச்சிலும் சேர்ந்து தெறிக்கும். குடித்துவிட்டு வந்தவர்களில் இதுவரை ஐந்து பேரைப் பிடித்திருக்கிறான். ஐந்து தடவையும் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்திருக்கிறான். அந்த வாந்தியில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். குணமாகிவிட்டோம் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் இதைவிட நாறுகிற வாயோடு பத்து வருஷம் பெண்டாட்டி அம்புஜவல்லி பக்கத்தில் படுத்தவன்தானே என்று நினைத்தால், தன் மேலேயே குமட்டும். அவள் ஒரு நாளும் முகத்தைத் திருப்பியதில்லை. மூச்சைத்தான் பிடித்துக்கொள்வாள்.

நாளைக் காலையில் அவள் வருகிறாள், கையெழுத்துப் போட்டு அவனை அழைத்துப்போக. போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இந்தத் தடவயும் ஏமாத்துனீங்கன்னா புள்ளைங்கள அழைச்சிக்கிட்டு எங்கனா போயிடுவேன். அப்பறம் தேடாதீங்க.”

இன்று வரிசையில் நாலு பேர். மூன்று வாய் கழிந்தது. கடைசியில் கம்மாபுரம் சாமிதுரை. கொய்யா இலையை மென்று பல்லெல்லாம் பச்சையாக இருந்தது.

“ஊது.”

ஊதினான். இலை வாசத்துக்குக் கீழே பிராந்தி. சந்தேகமே இல்லை. விருத்தகிரி வயிற்றை எக்கிக்கொண்டு குமட்டலுக்குக் காத்திருந்தான். வரவில்லை. நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது. அத்தனை நாற்றத்துக்கும் பிறகு இது ஒன்றுதான் வாசனையாக இருந்தது. ‘சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா’ என்று தன்னையே காறித் துப்பாத குறையாகத் திட்டிக்கொண்டான். திட்டும்போதும் எச்சில் ஊறிக்கொண்டுதான் இருந்தது.

“அண்ணே, ஒரே ஒரு கட்டிங்தான். காட்டிக் குடுத்துடாதீங்க” என்று முணுமுணுத்தான் சாமிதுரை. மாட்டினால் அவனுக்கு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம்.

“என்னய்யா, இருக்குதா?” மேஜையிலிருந்தே கேட்டார் தமிழ்ச்செல்வன்.

இருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. வாயில் வந்தது வேறு.

“சரியா தெரியல சார். இன்னொரு தபா ஊதச் சொல்றேன்.”

மூக்கோடு மூக்கு இடிக்கும் தூரத்துக்குப் போனான். “நல்லா ஊது. வவுத்துலேர்ந்து.” தன் வாயும் திறந்துகொண்டது தெரிந்தது. மூடவில்லை.

சாமிதுரை ஊதவில்லை. அந்தத் திறந்த வாயையே பார்த்தான். கெஞ்சிக்கொண்டிருந்த முகம் மெதுவாகச் சுளித்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்திக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்தான்.