இருபத்திரண்டு வருடம் பின்தங்கிய இமை

மெத்தைத் தொழிற்சாலைத் தையல்காரியின் வலது இமையைத் தைத்த மூன்றாம் நாள், அந்தக் கண்ணை மூடினால் இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய காட்சி தெரிய ஆரம்பித்தது. அவள் இருக்கும் இடத்தில், அன்று அதே நேரத்தில் என்ன நடந்ததோ அது தெரியும். சத்தம் மட்டும் கேட்காது. தையல் அரிக்கிறதா என்று கேட்ட நர்ஸ், அதே குரலில் இதையும் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

ஸ்பிரிங் கம்பி தெறித்து மேல் இமை விளிம்போடு கிழிந்திருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரி அவளைக் கண்ணைத் தேய்க்க விடாமல், சுத்தமான துணியை அழுத்தாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் டாக்டரம்மா முதலில் விழியைப் பார்த்தார், பிறகு கண்ணீர்க் குழாயை. இரண்டும் தப்பியிருந்தன. தலைமுடியைவிட மெல்லிய நூலால் ஒன்பது தையல் போட்டார். காயம் ஆறியது, தழும்பு இழுத்ததில் இமை முழுசாக மூடவில்லை, ஒரு கீற்று இடைவெளி நின்றுவிட்டது.

நான்காம் நாள் சூப்பர்வைசர் பழத்தோடு ஒரு தாளையும் கொண்டுவந்தார். தையல்காரியின் கவனக்குறைவால்தான் அடிபட்டது என்று அதில் எழுதியிருந்தது.

"சும்மா ஒரு கையெழுத்துதாம்மா."

பஸ் ஓட்டும் அவள் கணவர் தாளை வாங்கி மடித்தார். "இப்ப ஒரு கண்ணுதான் சார் திறந்திருக்கு. ரெண்டும் திறக்கட்டும், படிச்சுப் பாத்துப் போடுவா."

அந்தத் தாள் நேரே வக்கீலம்மாவிடம் போனது. வாரம் ஒரு போட்டோ எடுங்கள், மருந்துச் சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள், கெடு முடியுமுன் மனு போட வேண்டும் என்றார் அவர். மூடி கழற்றியிருந்ததைப் பக்கத்து மேசைக்காரி எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் தையல்காரி கட்டிலில் உட்கார்ந்து வலது கண்ணை மூடினாள். அவர்கள் குடியிருந்ததே அவள் பிறந்த வீட்டில்தான். மூன்றடி தூரத்தில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இறந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. பச்சை பெயிண்ட் அடித்த ஜன்னல், கைப்பிடி உடைந்த வாளி, சிடுசிடுவென்று உள்ளே வந்து பையை வீசிவிட்டுப் போகும் பத்தொன்பது வயது அவள். அந்தப் பெண்ணை ஓர் அறை அறையலாம் போலிருந்தது. அதன்பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டே காய் நறுக்கப் பழகினாள்.

"அத்தை என்ன பண்றாங்க?" என்பார் கணவர், சாப்பிட உட்காரும்போது.

"கண்ணாடியத் தேடுறாங்க. தலைமேலதான் இருக்கு."

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. காயத்தால் இவருக்கு நஷ்டமில்லை, லாபமே என்றார் கம்பெனி வக்கீல். நீதிபதி கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார்.

"கடைசி பெஞ்சுல ஒரு சின்ன வயசு வக்கீல் இருக்காருங்க ஐயா. மூக்கு உங்க மூக்கேதான். ஷூவுக்கு லேஸ் இல்ல. தனியா உக்காந்து அழறாரு."

நீதிபதி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். காயம் கம்பெனி கொடுத்தது, காட்சியைக் கம்பெனி கொடுக்கவில்லை என்று தீர்ப்பு எழுதினார். இழப்பீடும் அறுவைச் செலவும் அவளுக்குக் கிடைத்தன. மூடி இயந்திரத்துக்குத் திரும்பியது.

அறுவைக்குத்தான் அவள் போகவில்லை. தழும்பை நெகிழ்த்தி இமையைச் சரிசெய்தால் காட்சி போய்விடும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். செய்யாவிட்டால் விழி காய்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம். "எத்தனை நாள்மா தள்ளுவ?" என்று கேட்டார்.

"இன்னும் பதினோரு மாசம் டாக்டர். அம்மாவுக்கு அவ்வளவுதான் இருக்கு."

பகலில் மணிக்கொரு சொட்டு, படுக்கும்போது களிம்பும் பிளாஸ்திரியும் என்று அந்தப் பதினோரு மாதத்தையும் ஓட்டினாள். விழியில் கடுகளவு வெள்ளை விழுந்தது. அம்மா மெலிந்துகொண்டே வந்தாள்.

அம்மா போன நாளில் தையல்காரி வேலையில் இருந்தவள். தகவல் வந்து ஓடிவருவதற்குள் முடிந்திருந்தது. இந்தமுறை முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம்: தாயார் மரணம். குமாஸ்தா பழைய பதிவேட்டைப் புரட்டி, இதே காரணத்துக்கு ஏற்கெனவே எடுத்திருப்பதைப் பார்த்தார். தாயார் இறந்தால் மூன்று நாள் என்றுதான் விதியில் இருந்தது, எத்தனை தடவை என்று இல்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாளைக்கு அறுவைத் தேதி வாங்கிக்கொண்டு, கட்டிலருகே நாற்காலி போட்டு, வலது கண்ணை மூடி உட்கார்ந்தாள். மூன்றரை மணிவாக்கில் அம்மா தலையைத் திருப்பி வாசலையே பார்க்க ஆரம்பித்தாள். பார்வை அங்கிருந்து நகரவில்லை. தையல்காரி எழுந்து நாற்காலியை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டு, அம்மாவின் பார்வை விழும் இடத்தில் உட்கார்ந்தாள். நாலு மணி பத்து நிமிடம்வரை அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.