இல்லை என்று சொல்லத் தெரியாத சர்வர்

எனக்கு ‘இல்லை’ என்று சொல்லவே வராது. நெய்வேலி நகரியத்தில் நான் நடத்தும் சின்ன கம்ப்யூட்டர் அலுவலகத்தில் ஆறு பேர் கான்ட்ராக்ட்டில் இருக்கிறார்கள். பர்மனென்ட் இடம் ஒன்றுதான். அதை மூன்று பேருக்குத் தருவதாகச் சொல்லி வைத்திருந்தேன். அதற்குள் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட மாட்டார்களா என்றொரு நப்பாசை.

மூவரில் ஒருத்தி வடலூர் பவித்ரா. என் பேச்சை நம்பி இரண்டு வருஷம் காத்திருந்தவள். புதுச்சேரிக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மூலையில் இருந்த சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

சர்வரிலும் வம்பு இருந்தது. ஒரு கான்ட்ராக்டரின் லாரிகள் எங்கே ஓடுகின்றன என்று பதிவு செய்யும் புரோகிராம், ஒரு வாரமாகச் சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குப் பவித்ரா காரணத்தைப் பிடித்துவிட்டாள்.

“ஆனந்த்ராஜ் சார், நம்ம சர்வரு பஸ் கண்டக்டர் மாதிரிங்க. எந்த புரோகிராம் வந்து எவ்ளோ இடம் கேட்டாலும் ‘சீட்டு இருக்கு, ஏறு ஏறு’ன்னு சொல்லிகினே இருக்குது.”

“இத்தனை நாள் ஓடுச்சே?”

“கேட்ட இடம் பூரா யாரும் ஒரே நேரத்துல தொட மாட்டாங்க. தொட்ட இடத்துக்கு மட்டுந்தான் நிஜ மெமரி போவும். ரொம்ப நேரம் தொடாதத டிஸ்குக்கு அனுப்பிட்டு சமாளிக்கும். ஷிஃப்ட் மாறும்போது எல்லா ரிப்போர்ட் புரோகிராமும் ஒண்ணா ஓடுது, டிஸ்குலயும் இடம் தீந்துடுது. அப்ப இருக்கறதுலயே பெரிய புரோகிராமா பாத்து, அதான் நம்ம லாரிப் பதிவ, சிஸ்டம் கொன்னுடும். தப்பு யாரு மேலன்னு பாக்காது.” திரையில் செட்டிங்கைத் திறந்து காட்டினாள். “சாதாரணமா சர்வரு இப்படி எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லாதுங்க. யாரோ செட்டிங்க மாத்தியிருக்காங்க.”

நான்தான். ஆறு மாசத்துக்கு முன் ‘மெமரி போதவில்லை’ என்று ஒரு ரிப்போர்ட் முரண்டு பிடித்தது. தொல்லையே வேண்டாமென்று, யார் கேட்டாலும் மறுக்காதபடி மாற்றி வைத்தேன். கான்ட்ராக்டர் அன்றைக்கு என்னைப் பாராட்டினார்.

பவித்ரா அதைத் திருத்தினாள். கொடுக்க முடியாததைக் கேட்டால் இனி சர்வர் முதலிலேயே மறுத்துவிடும். மறுக்கப்பட்ட ரிப்போர்ட் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்கும். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. மூன்றாவது ரிப்போர்ட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. காத்திருந்து பிறகு ஓடியது. லாரிப் பதிவு சாகவில்லை.

“பிரமாதம்மா!” என்றேன். உண்மையான சந்தோஷம்.

“அப்ப என் பர்மனென்ட் சார்?”

‘பாத்துக்கலாம்மா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மற்ற இருவரான செந்தில்நாதனிடமும் நான்சியிடமும் அந்த வாரமும் அதையேதான் சொல்லியிருந்தேன். அவமானமாக இருந்தது.

“இல்லம்மா. ஒரே இடம்தான். மூணு பேருக்குச் சொல்லிட்டேன். உனக்கும் முன்னாடி, மொதல்ல சொன்னது செந்தில்நாதனுக்கு.”

அவள் கோபப்படவில்லை. புதுச்சேரிக் கம்பெனிக்கு, வருவதாகப் பதில் எழுதி அனுப்பினாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

“இந்த ஒரு வார்த்தைய சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சுங்களா சார்?”

அதற்கும் என்னிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. சொல்லவில்லை.