தவிப்புக்கு அசைவு தேடியது

நடனத்தை எவனாலும் உருவாக்க முடியாது. உடலுக்குள் காலங்காலமாகக் காத்துக் கிடப்பதை விடுதலை செய்ய மட்டுமே முடியும் என்பது மாஸ்டரின் கொள்கை. அதனால் அவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

ஆடுகிறவர்கள் தாங்களாகவே எதையாவது செய்து பார்ப்பார்கள். அவர் "இது இல்ல" என்பார். நடுவில் யாராவது வெளியே போனால் ஓட்டம் அறுந்துவிடுமாம். ஒத்திகை அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

அந்த இசை நாடகத்தில் அவர் கையில் இருந்தது ஒரே பாட்டு. வராத காதலனுக்காக ஊரே தவிக்கிற பாட்டு. இயக்குநர் அவருடைய மனைவியின் தம்பி.

"மாமா, மத்தியானம் வந்து பாப்பேன். தேறலைன்னா பாட்டையே தூக்கிடுவேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க."

அக்காவை நினைத்து நினைத்து, காலையிலிருந்து ஒரு பிளாஸ்க் காபியை மாஸ்டர் தனியாகவே காலி செய்திருந்தார்.

கடைசி வரிசையில் குருவி என்கிற பெண் முழங்கால்களைச் சேர்த்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான்!" என்று மாஸ்டர் கத்தினார். "அந்தப் பார்வை! எல்லாரும் அவளைப் பாத்து ஆடுங்க!"

"மாஸ்டர், எனக்கு அவசரமா..."

"பேசாத. பேசினா போயிடும்."

"பேசலைன்னாலும் போயிடும் மாஸ்டர்."

"முழங்கால் ரொம்ப ஒட்டணுமா, லேசாவா?" என்று நெட்டையன் அக்கறையாகக் கேட்டான்.

அதற்குள் இயக்குநர் கதவைத் தட்டினார். மாஸ்டர் பூட்டைத் திறந்ததும் குருவி அவரை இடித்துக்கொண்டு பறந்தாள்.

திரும்பி வந்து ஆடியபோது அவள் முகத்தில் ஞானிகளுக்கு மட்டுமே கிட்டுகிற அமைதி. அவளைப் பார்த்து ஆடிய மற்றவர்களும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது போல நின்றார்கள்.

"இதுல தவிப்பு எங்க மாமா இருக்கு?" என்றார் இயக்குநர். "சரி, நீங்களே ஆடிக் காட்டுங்க. பாத்துட்டு முடிவு பண்றேன்."

மாஸ்டர் நடுவில் வந்து நின்றார். முழங்கால்கள் சேர்ந்தன. குதிகால் எழுந்தது. கண் கதவுக்குப் போனது. பொய் என்று சொல்ல அதில் ஓர் அசைவு கிடையாது.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாட்டு இருக்கு மாமா! இன்னொரு தடவை, முழுசா!"

"அப்புறம்..."

"இப்பவே மாமா. ஓட்டம் அறுந்துடும்."

பாட்டுக்கு மூன்று சரணம். மாஸ்டர் இரண்டாவதில் நின்றுவிட்டார். அன்று அவர் போட்டிருந்தது வெள்ளை பேன்ட்.