ஸ்டோன் ஃபெர்ரி வாசித்த சாயங்காலம்

டிக்கெட் அனுப்பியவள் ஹெலன். துபாயில் வேலை பார்க்கும் மகள். அப்பாவின் அறுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கென்று இரண்டு டிக்கெட்டுகளைப் போனில் அனுப்பிவிட்டு, "மம்மி, நீயும் கூடப் போ. டாடிய தனியா விடாதே" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். அதைப் படித்த ஐரினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காது கேட்காத மனுஷனுக்குக் கச்சேரி டிக்கெட்.

கிளெமென்ட்டுக்குக் காது முழுவதுமாகப் போய்விடவில்லை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை ஒரே அடியில் குத்தி வளைக்கும் ராட்சத இயந்திரங்களுக்கு நடுவே முப்பத்தோரு வருஷம் நின்றவர் அவர். இடி கேட்கும், லாரி ஹார்ன் கேட்கும், மாதா கோவில் மணி கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து "ரசம் ஊத்தட்டுமா" என்றால் கேட்காது. காது மெஷின் வாங்கியாயிற்று. விசிலடிக்கிறது, மிக்ஸி போட்டால் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

அதனால் எல்லாவற்றையும் ஐரின் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர், குரலுக்குக் குறைச்சல் இல்லை. மர்பி டவுனில் அவர்கள் வீடு இருந்த சந்து குறுகல். "டீச்சரம்மா காலைலயே ஆரம்பிச்சுட்டாங்க" என்று எதிர்வீட்டு ஃபாத்திமா சிரிப்பாள். கத்திச் சொன்னால் எந்த வார்த்தையும் கோபமாகத்தான் வெளியே வருகிறது. மழை வர்ற மாதிரி இருக்கு என்பதுகூடச் சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும். போகப்போக அவள் அவசியமானதை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு பக்கத்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. ஸ்டோன் ஃபெர்ரி இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை, அநேகமாக இதுதான் கடைசியும். ஐம்பது வருஷமாக வாசிக்கிற இங்கிலீஷ் ராக் கோஷ்டி, கிளெமென்ட்டுக்கு உயிர். வந்திருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. நரைத்தவர்களும் நரைக்காதவர்களும் கறுப்பு டீ-ஷர்ட்டில் இருந்தார்கள். ஐரின் மெரூன் நிறக் காட்டன் புடவையில் இருந்தாள். கோவில் திருவிழாவுக்குக் கட்டுவது. 'எல்லாரும் என்னையே பாக்குறாங்க' என்று தோன்றியது. யாரும் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு, வெயில் இன்னும் இறங்காதபோதே ஆரம்பித்துவிட்டார்கள். முதல் அடி விழுந்ததும் ஐரினுக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கைப்பையில் வைத்திருந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். கிளெமென்ட் முன்னாலிருந்த இரும்புத் தடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கட்டைவிரல் மட்டும் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குதாங்க?" என்று கத்தினாள். அவள் குரல் அவள் காதுக்கே வரவில்லை.

அவர் கண்ணைத் திறந்து, தலையை ஆட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. சுற்றிலும் பார்த்தாள். ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிராளி "என்ன? என்ன?" என்று முகத்தைச் சுளித்தான். இங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. அதில் அனுபவசாலி இவர் ஒருவர்தான்.

நாலாவது பாட்டின் நடுவில், கிட்டார்காரர் முன்னால் வந்து தனியாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, பாடகர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு டிரம்ஸ்காரரிடம் போய் ஏதோ சொன்னார். எழுபத்து நாலு வயசு அவருக்கு. தோள் வரை வெள்ளை முடி. மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் அவர் முகம் ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. கிளெமென்ட் களுக்கென்று சிரித்தார். பாட்டு முடிந்து கொஞ்சம் சத்தம் அடங்கியதும் குனிந்து, "முட்டி வலிக்குதாம் அவனுக்கு. ஸ்டூல் போடச் சொல்றான்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். ஐரின் நம்பவில்லை. மனுஷன் தன்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தாள். ஒரு நிமிஷத்தில் ஒருவன் உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து மேடை நடுவில் வைத்தான். பாடகர் அதில் ஏறி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மைதானமே ஊளையிட்டது.

"முட்டிக்கு இங்கிலீஷ்ல 'நீ'. அந்த 'நீ', 'ஸ்டூல்' ரெண்டு வார்த்தைதான் புரிஞ்சுது. மீதிய நானே போட்டுக்கிட்டேன்" என்றார் கிளெமென்ட், அடக்கமாக. "பிரஸ் ஷாப்ல எல்லாருக்கும் இது வரும். அங்க எவன் வாயால பேசுறான்?"

இன்னும் இரண்டு பாட்டு போனது. ஐரினுக்குத் தாகம். "தண்ணி வாங்கிட்டு வரேன், இங்கயே இருங்க" என்று சைகை காட்டிவிட்டுப் போனாள். வரிசையில் நின்று பாட்டிலை வாங்கித் திரும்பினால், வந்த வழியில் கயிறு கட்டியிருந்தது. கூட்டம் நகர்ந்து எல்லாம் வேறு மாதிரி இருந்தது. காவலுக்கு நின்றவர், "ஈ கடெ பிடல்ல மேடம், ஆ கடெ ஹோகி" என்று, இந்தப் பக்கம் விடமாட்டார்கள், அந்தப் பக்கம் போங்கள் எனக் கன்னடத்தில் சொல்லி, மைதானம் முழுவதையும் சேர்த்து ஒரு கையால் காட்டினார்.

"எந்தக் கடெப்பா?" என்றாள். அவர் அதற்குள் வேறு யாரையோ துரத்தப் போய்விட்டார்.

போனில் கூப்பிட்டாள். டவர் இல்லை. இருந்திருந்தாலும் அவர் காதில் விழப்போவதில்லை. ஆயிரக்கணக்கில் கறுப்பு டீ-ஷர்ட். அறுபது வயசில், பாடம் சொல்லிக்கொடுக்கிற ஊரிலேயே, தொலைந்துபோன பிள்ளை மாதிரி நிற்கிறோமே என்று நினைத்துக்கொண்டே பாட்டிலோடு சுற்றிலும் தேடினாள்.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். தடுப்பின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று, தலைகளுக்கு மேலாக நாலா பக்கமும் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் அறுபது அடியாவது இருக்கும். "ஏங்க! ஏங்க!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தினாள். டிரம்ஸ் அதை முழுங்கிவிட்டது. கத்திச் சலித்து, அடுப்படியில் முணுமுணுப்பதுபோல, "இங்கதான் நிக்கிறேன். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்களேன்" என்றாள்.

அவர் தலை இந்தப் பக்கம் திரும்பியது. அவளைக் கண்டு நின்றது. கை உயர்ந்தது.

ஐரின் குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள். "தெரியுதா?"

தெரிகிறது என்று தலையாட்டினார்.

"கயிறு கட்டிட்டான். விடமாட்டேங்கிறான்."

அவர் கயிற்றைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சுட்டுவிரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்: சுற்றி வா. இடது கையை நீட்டினார். மூன்று விரலைக் காட்டினார்: மூன்றாவது வழி. பிறகு உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்லத் தட்டினார். அவசரமில்லை.

எல்லாம் புரிந்தது. போயிருக்கலாம். ஆனால் ஐரின் நகரவில்லை.

"பயந்துட்டேங்க" என்றாள், சத்தமில்லாமல்.

அவர் ஏதோ சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை. தலையை ஆட்டினாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டாள். *எனக்கும்.*

அதற்கப்புறம் அவள் பேசிக்கொண்டே போனாள். சட்டை நல்லா இருக்கு உங்களுக்கு, என்றாள். அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். ஹெலன் போன வாரம் போன் பண்ணப்போ குரல் சோர்ந்திருந்துச்சு, உங்ககிட்ட சொல்லல, என்றாள். அவர் முகம் மாறியது. கையைக் காதருகே வைத்துக் காட்டினார்: நாளைக்குப் பேசலாம். சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பால்கார ரகுவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, மாடிப்படி விளக்கு மினுக்குவது, ஸ்கூலில் ஒரு பிள்ளை தன்னைப் பார்த்து 'மம்மி' என்று கூப்பிட்டுவிட்டு வெட்கப்பட்டது. கடைசியில் சொன்னதற்கு அவர் வாய்விட்டுச் சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. காதைப் பிளக்கும் இரைச்சலுக்கு மேலாக, கத்தாமல், தொண்டை நோகாமல், இரண்டு முழுப் பாட்டுக்கு அவள் பேசினாள். எத்தனை வருஷமாயிற்று இப்படிப் பேசி.

பிறகு சுற்றிக்கொண்டு, மூன்றாவது வழியாக நுழைந்து, இடித்து நெருக்கி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தார். மேடையில் விளக்குகள் அணைந்திருந்தன. கடைசிப் பாட்டுக்காகக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் ஐரினுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"போன ஈஸ்டருக்குக் கோவில் வாசல்ல நானும் குளோரியாவும் பேசிட்டிருந்தோமே. நீங்க தூரத்துல, ஸ்கூட்டர் பக்கத்துல நின்னீங்க."

"ஆமா."

"அப்போ…"

"இந்த மனுஷனுக்குப் பதிலா ஒரு செவுத்தக் கட்டியிருந்தா ஆணியாவது அடிச்சிருக்கலாம்னு சொன்ன."

"ஐயோ, கேட்டீங்களா!"

"கேக்கல. பாத்தேன்."

வெட்கத்தில் அவளுக்கு முகம் சூடாகியது. "ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் வாயப் பொத்திக்கிட்டுப் பேசுவ. எனக்கு உன் பேச்சு வேணும்ல?"

பாட்டிலால் அவர் தோளில் ஒன்று போட்டாள். "இவ்வளவு தெரிஞ்சவரு வீட்ல ஏன் என்னக் கத்த விட்டீங்க? ஊரே சிரிக்குது."

"வீட்ல நீ அடுப்பப் பாத்துப் பேசுற, இல்ல துணிய மடிச்சுக்கிட்டு பேசுற. முதுகப் படிக்க எனக்கு வராது ஐரின்."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேடை வெளிச்சமானது. பாடகர் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டே முன்னால் வந்து நின்றார். இது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு போலிருக்கிறது. மைதானம் முழுக்கக் குதித்தது. கிளெமென்ட்டும் தலையைப் பின்னால் சாய்த்துப் பாடினார். ஐரின் ஒரு காதுப் பஞ்சை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் உதட்டில் வருவது இங்கிலீஷ் மாதிரியே இல்லை.

"என்னங்க பாடுறீங்க?" என்று அவர் முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டாள்.

அவர் அவள் காதில் வாயை வைத்துக் கத்தினார். "முப்பத்தெட்டு வருஷமா கேக்குறேன், ஒரு வரிகூடத் தெரியாது! சும்மா ஆ, ஊன்னு பாடு!"

ஐரின் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோவில் பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடிய குரல். ஆவும் ஊவும் அவளுக்கு அருமையாக வந்தது.