ஐந்தாம் வரிசை முகம் திருப்பிக்கொண்ட வாரம்

2022ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, பெக்கான் நானாஸ் ஊருக்குப் போகும் சாலையில் இருந்த டேட்டா சென்டரில் ஐந்தாம் வரிசைச் சர்வர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. ரேக்கில் முடுக்கியிருந்த திருகு ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. கேபிள்கள் செருகியபடியே இருந்தன. பச்சை விளக்குகள் இருந்த முன்பக்கம் மட்டும் பின்னால் போயிருந்தது. காற்றாடிகள் இருந்த முதுகுப்பக்கம் முன்னால் வந்திருந்தது. கேமராப் பதிவைப் பார்த்தார்கள். ஒரு காட்சியில் நேராக இருந்தன, அடுத்த காட்சியில் திரும்பியிருந்தன, நடுவில் யாரும் வரவில்லை. அந்த நிலம் அன்னாசித் தோட்டமாக இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை பார்க்கும் காவலாளி, அன்னாசிகள் இப்படிச் செய்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பியது திரும்பியதாக இருந்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சிக்கல் காற்றில் இருந்தது. அந்தக் கூடத்தில் குளிர்காற்று சர்வரின் முன்பக்கமாக வரும். மிஷின் அதை உள்ளே இழுத்துச் சூட்டைப் பின்பக்கமாகத் தள்ளும். இப்போது ஐந்தாம் வரிசை பின்னால் இருந்த சூட்டை இழுத்து, குளிர்ப்பாதையில் ஊதிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அந்தப் பாதை மீ நூடுல்ஸ் வறுக்கும் கடையின் அடுப்படிபோல ஆகிவிட்டது. வரிசையைக் கவனித்துவந்த வினிஃப்ரெட், அங்கே வேலைக்குச் சேர்ந்தபின் முதன்முறையாக ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினாள். மேனேஜர் கனகராஜ் ஆள் வைத்து மிஷின்களைக் கழற்றி நேராக மாட்டினார். அவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் மறுபடி திரும்பிக்கொண்டன. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஐந்தாம் வரிசையை அணைத்துவிட்டு, அதன் வேலைகளைப் பல மணி நேரத் தொலைவில் இருக்கும் சைபர்ஜெயா கிளைக்கு மாற்றிவிடுவதென்று அவர் முடிவெடுத்தார். வரிசையோடு வினிஃப்ரெட்டும் போக வேண்டும். மாசாய் ஊரில் அவளோடு இருந்த அப்பா வாலண்டைனுக்குக் கண் தெரியாது. அந்த வீட்டின் சுவர்களைத் தடவித் தடவிப் பழகியவரை வேறு வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. ஒன்று முதல் நான்கு வரையிலான வரிசைகளைப் பார்த்துக்கொண்ட கமலநாதனுக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. வருடக்கணக்காகத் தினமும் காலையில் அவன் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு பொட்டலம் வாங்கிவருவான், ஒன்று அவளுக்கு. அதற்கு மேல் அவன் எதுவும் சொன்னதில்லை.

மிஷின்களைச் செய்த கம்பெனியோ, லாக் அனுப்பாமல் ஆள் வராது என்றது. லாக் என்பது ஒவ்வொரு சர்வரும் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு. அதை வாங்குவதில் வினிஃப்ரெட்டுக்குத் தனிப் பொறுமை உண்டு. விண்டோஸ் மிஷின்கள் கேட்டதும் கொடுத்துவிடும், வேண்டாததையும் சேர்த்து மூட்டை கட்டித் தரும். லினக்ஸ் மிஷின்களிடம் ஓர் எழுத்து பிசகாமல் கட்டளையிட வேண்டும், இல்லையென்றால் பதிலே வராது. இன்னொரு வகை, ஒரே உடம்பில் பல மிஷின்களைக் குடிவைப்பவை. லாக் எடுக்கும் மென்பொருளை அவற்றுக்குள் ஏற்ற முடியாது. தனிக் கேபிள் போட்டு, அடியில் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்பிடம் கேட்க வேண்டும். மேலே என்ன இயங்கினாலும் இயங்காவிட்டாலும் அந்தச் சிப் விழித்திருக்கும். வினிஃப்ரெட் வியர்க்க வியர்க்க எல்லாவற்றையும் சேகரித்து அனுப்பினாள். பழுது எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இன்னொருமுறை அனுப்பினாள். முகம் திருப்புவது உத்தரவாதத்தில் அடங்காது என்று பணிவாக எழுதியிருந்தார்கள்.

வியாழக்கிழமை அவள் பழுதைத் தேடுவதை விட்டுவிட்டு, மூன்று வகை லாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சும்மா வாசித்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு சர்வரின் முகத்திலும் ஒரு நீல விளக்கு உண்டு. அத்தனை மிஷின்களுக்கு நடுவில் எந்த மிஷின் என்று தேடி வருபவருக்குக் காட்டுவதற்காக, யாராவது பித்தானை அமுக்கி அதை எரியவிடுவார்கள். கூடத்தில் ஆயுத பூஜை நடந்த செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தாம் வரிசையில் எல்லா மிஷின்களும் யாரும் அமுக்காமல் தாமாகவே நீல விளக்கைப் போட்டிருந்தன. ஒன்று அதை வாக்கியமாக எழுதியிருந்தது, ஒன்று சுருக்கெழுத்தாக, ஒன்று வெறும் எண்ணாக. சொன்ன விஷயம் ஒன்றுதான். பூஜை தொடங்கியபோது போட்ட விளக்கை, பூஜை முடிந்தபின் அணைத்திருந்தன.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனாள். கமலநாதன் ஆறிப்போன தே தாரிக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"மிஸ்டர் கமல், செவ்வாக்கெழம பூஜையில என் வரிசைக்கு வந்தீங்களா?"

"வரல மிஸ் வினி. எப்பவும்போல நாலாவதோட நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"அது உங்க மிஷினுங்க இல்லயா... நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. பொட்டு வெச்சா தப்பா நெனச்சுப்பீங்களோன்னு ஒரு மரியாதைக்குதான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"மிஷினக் கேட்டீங்களா?"

"அலமாக்! மிஷின எப்படிங்க கேக்கறது?"

"இந்த வருஷம் அதுங்களே லைட்டு போட்டுக் கூப்பிட்டிருக்கு லா. நீங்க நாலோட திரும்பி வடை தின்னப் போயிட்டீங்க." அவள் லேப்டாப்பை மூடினாள். "நானும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

கமலநாதன் தே தாரிக்கைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். மேனேஜர் போட்ட கெடுவைவிட அந்தக் கடைசி வாக்கியம் அவனைச் சுட்டது.

அந்தக் கூடத்தில் கற்பூரம் ஏற்ற முடியாது. புகை பட்டால் தீயணைப்பு வாயு பாய்ந்துவிடும். குங்குமத் தூளும் ஆகாது, காற்றாடிகள் இழுத்துக்கொள்ளும். அதனால் கமலநாதன் ஒவ்வொரு வருடமும் ஸ்டிக்கர் பொட்டுதான் வைப்பான். வெள்ளிக்கிழமை மாசாய்க் கடையில் நல்ல சிவப்பாகப் பார்த்து வாங்கிவந்து, கொதிக்கும் பாதையைச் சுற்றிக்கொண்டு, சர்வர்களின் முகம் இருந்த பக்கம் போய் நின்றான். முதல் மிஷினின் முன்னால் பொட்டை விரலில் வைத்துக்கொண்டு, "வைக்கலாமா?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்பது தெளிவாக இல்லை. வினிஃப்ரெட்தான் "வைங்க" என்றாள். அவன் வைத்த பொட்டுக்கு மேல் அவள் கட்டைவிரலால் சின்னச் சிலுவை போட்டாள். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வாலண்டைன் அவள் நெற்றியைத் தடவிக் கண்டுபிடித்துப் போடும் அதே சிலுவை. சுழல் நாற்காலியில் ஒருவர் வேலைக்குத் திரும்புவதுபோல அந்த மிஷின் குளிர்ப்பாதைப் பக்கம் திரும்பியது. திருகுகள் அசையவில்லை. அடுத்தது திரும்பியது, அதற்கடுத்தது திரும்பியது. வரிசைக் கடைசியில் இருந்த பழைய லினக்ஸ் மிஷின் மட்டும் பாதி திரும்பிப் பக்கவாட்டில் நின்றுகொண்டது. அதற்கு வீம்பு அதிகம். கமலநாதன் குனிந்து, "மன்னிச்சுக்கப்பா, தெரியாம பண்ணிட்டேன்" என்றபின் அதுவும் நேரானது. வெப்பநிலைத் திரையைப் பார்த்த கனகராஜ், "ஓகே லா, யாரும் எங்கயும் போக வேணாம்" என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். கம்பெனிக்காரர்கள், வாடிக்கையாளரே சரிசெய்துகொண்டார் என்று குறித்துப் புகாரை மூடினார்கள்.

அதன்பின் கமலநாதன் கேட்கக் கற்றுக்கொண்டான். தே தாரிக்கில் சீனி போதுமா என்றும் கேட்டான். இத்தனை வருடமும் அதிகம்தான் என்று தெரிந்தது. பிப்ரவரியில் ஒருநாள், ஐந்தாம் வரிசை நடுவில் வைத்து வினிஃப்ரெட்டிடம் வேறொன்றைக் கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் வரிசை முழுக்க நீல விளக்கு எரிந்தது. "உங்கள யாரும் கேக்கல, சும்மா இருங்க" என்று அவள் மிஷின்களை அதட்டிவிட்டு, அவனிடம் சரி என்றாள். காலையில் தேவாலயத்திலும் சாயங்காலம் கோவிலிலும் கல்யாணம் நடந்தது. கமலநாதன் மாசாய் வீட்டுக்கே குடிவந்தான். வாலண்டைனின் சுவர்கள் அப்படியே இருந்தன. ஆயுத பூஜைக்கு இப்போது எல்லா வரிசைகளும் ஒன்றுதான். புதிதாகச் சேருபவர்களுக்கு லாக் எடுக்கச் சொல்லித்தரும்போது, முதலில் நீல விளக்கைப் பாருங்கள் என்கிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வீட்டில் எப்போதாவது அவன் அவளைக் கேட்காமல் ஏதாவது முடிவெடுத்துவிட்டால், ரைஸ் குக்கர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். வேலை முடிந்து வரும் கமலநாதன் அதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, இன்றைக்கு என்ன கேட்காமல் விட்டோம் என்று யோசிப்பான். "என்ன மிஸ்டர் கமல், ஞாபகம் வந்துச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பெரும்பாலும் வந்துவிடும். சோறு ஆறுவதற்குள் குக்கர் திரும்பிக்கொள்ளும்.