பளபளத்த செயின்

கடைக்காரன் கை வைத்தால் சைக்கிள் உருப்படாது என்பது கணக்கு வாத்தியாரின் கட்சி. அதனால் தேய்ந்த செயினைக் கூடத்திலேயே கழற்றினார். புதியதைப் பழையதன் நீளத்துக்கு வெட்ட வேண்டும். அழுக்கோடு எண்ணினால் கணக்குத் தப்பும் என்று பழையதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பளபளவென்று தேய்த்தார். இரண்டையும் அருகருகே கிடத்தி, கண்ணிகளை மூன்று முறை எண்ணி வெட்டினார். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் குப்பைத்தொட்டியில் கடாசினார்.

பிறகு மனைவியைக் கூப்பிட்டு, தேய்மானம் பார்க்கும் அளவுகோலை மாட்டிய செயினில் வைத்துக் காட்டினார். தேய்ந்த செயினில்தான் அது உள்ளே இறங்கும். இறங்கியது.

"இந்த அளவுகோல் தேஞ்சுபோச்சு," என்றார்.

"இருக்கும்," என்றாள் மனைவி. "எதுக்கும் குப்பையில கிடக்குறதையும் அதாலயே ஒரு தடவை அளந்து பாத்துடுங்களேன்."