சம்பந்தி வீட்டு ஏசி

காதுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் ஏசி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். காது பெரிது என்பதால் வந்த பெயர் இல்லை. மெஷினில் காதை வைத்தாரென்றால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார், அதனால் வந்த பெயர். விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறதா, கேஸ் கசிகிறதா, எல்லாம் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். "போனைக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல கொண்டு போங்க" என்று கேட்டுவிட்டு, வேண்டிய சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. தன்னிடமிருந்து தப்பிய கோளாறு ஒன்றுகூடக் கிடையாது என்று மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அந்தத் தலைக்கனத்தைத்தான் ஒரு மெஷின் எட்டு மாதமாக மிதித்துக்கொண்டிருந்தது. அதுவும் போயும் போயும் சம்பந்தி வீட்டு மெஷின்.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. கல்யாணமான மறுவாரமே நல்ல மெஷினாக அவரே பார்த்து எடுத்து, வேறு யார் கையையும் பட விடாமல் அந்த வீட்டு ஹாலில் தன் கையால் மாட்டிவிட்டு வந்தார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குப் போட்டால் மூன்று மணிக்குக் குளிர் காணாமல் போய்விடும். உள்ளேயிருந்து தண்ணீர் வேறு சொட்டும். போன் வரும். இவர் கையில் இருக்கிற வேலையை முடித்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போய் சுவிட்சைப் போட்டால், அந்தச் சண்டாள மெஷின் ஒன்றுமே நடக்காதது போலக் குளிரை வாரிக் கொட்டும்.

முதல் முறை கேஸ் அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. இரண்டாம் முறை சென்சாரை மாற்றினார். மூன்றாம் முறை கெபாசிட்டர். நான்காம் முறை தண்ணீர்க் குழாயைப் பிரித்துச் சரிவைக் கூட்டி மாட்டினார். ஐந்தாம் முறை போர்டையே மாற்றினார். ஆறாம் முறை இரண்டு மணி நேரம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் முறை என்ன செய்வதென்று தெரியாமல், அழுக்கே இல்லாத ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் சம்பந்தியம்மா வாசல் வரை வந்து, "உங்களுக்கு எவ்வளவு சிரமம் குடுக்கறோம்" என்பார். அதைக் கேட்கும்போது இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

வாடிக்கையாளர் வீடாக இருந்தால் இந்த ஆட்டமே நடந்திருக்காது. நேரே போய்க் கதவைத் தட்டி, ஓடுகிற மெஷினைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பார். சம்பந்தி வீட்டுக்கு அப்படிப் போக முடியுமா? முதலில் போன் செய்ய வேண்டும். போன் போனதும் அங்கே வீடு தலைகீழாகும். இவர் போய் நிற்கும்போது தரை துடைத்து ஈரம் காய்ந்திருக்காது. சோபா விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கும். சம்பந்தி ஐயா வாரிய தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, மெஷின் மெயின் சுவிட்சோடு அணைந்திருக்கும்.

"நீங்க கை வெக்கிறப்ப கரண்ட் கிரண்ட் அடிச்சுடக் கூடாதில்ல சம்பந்தி" என்பார் அந்த அம்மா.

ஒரு முறை துணிந்து, "அணைக்காம அப்படியே விட்டு வெய்ங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று போனில் சொல்லிப் பார்த்தார். சரி சரி என்றவர், இவர் போவதற்குள் அணைத்திருந்தார். "மனசு கேக்கலை சம்பந்தி" என்றார். இதற்கு யாரைப் பிடித்துத் திட்டுவது?

அன்று காதுக்காரர் ஒரு துணிக்கடை மொட்டைமாடியில் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது மகள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, நேத்து வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க. மூணு மணிக்கு வழக்கம்போல குளிர் நின்னுடுச்சு. மாமா எல்லார் முன்னாலயும், 'நம்ம சம்பந்தி ஏசி சாப்பிட்டதும் தூங்கப் போயிடும்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

"நீ ஏம்மா சிரிச்சே?"

"பின்ன அழுவாங்களா? ராத்திரி அழுதேன்." அவள் குரல் இறங்கியது. "நாளைக்குக் காலையில அடுத்த தெரு மெக்கானிக் வராரு. மாமா சொல்லிட்டாரு. அந்த ஆளு வந்து அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாருன்னா, இந்த வீட்டுல நான் இனிமே வாயைத் திறக்க முடியாதுப்பா. எதுக்கெடுத்தாலும், 'உங்கப்பா பாத்த வேலை மாதிரி'ன்னு வரும்."

காதுக்காரர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "மெஷின் மேல ஏதாவது படுதா? யாராவது கை வெக்கிறாங்களா?"

"தூசிகூடப் படறதில்லப்பா. நீங்க சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி வளத்த மாதிரிதான் வெச்சிருக்கோம்."

அது உண்மைதான். தூசிதான் மெஷினுக்கு எமன் என்று வீட்டில் அவர் சொல்லாத நாளில்லை. அவர் வீட்டு ரேடியோகூடத் துணி போர்த்திக்கொண்டுதான் இருக்கும்.

போனை வைத்தபோது மணி இரண்டே முக்கால். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். போகிற வழியில் மனைவி கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னார்.

"சொல்லாமலா? ஏங்க, உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? சம்பந்தி வீட்டுக்குத் திடுதிப்புன்னு போய் நிப்பாங்களா?"

"மெஷின் சொல்லிட்டா நிக்குது?" என்று கத்திவிட்டுப் போனை அணைத்தார்.

மூன்றாம் மாடி. கதவுக்கு வெளியிலேயே காதை வைத்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அது அவர் மாட்டிய மெஷினின் சத்தமே இல்லை. மூக்கடைத்துக்கொண்டு தூங்குகிறவன் விடுகிற குறட்டை மாதிரி இருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக ஆள் மாட்டிக்கொண்டான். மணியை அழுத்தினார்.

கதவுக்குப் பின்னால் காலடி வந்து நின்றது. கண்ணாடித் துளை வழியே யாரோ பார்த்தார்கள்.

"ஐயய்யோ, சம்பந்தி! ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்!"

"ஒண்ணும் வேணாம்மா! அப்படியே இருக்கட்டும்! எதையும் எடுக்காதீங்க!" என்று கதவைப் பார்த்துக் கெஞ்சினார்.

யார் கேட்டார்கள்? உள்ளே நாற்காலி இழுபட்டது. "ஏங்க, சட்டையைப் போடுங்க முதல்ல!" என்று அதட்டல் கேட்டது. வாளி உருண்டது. பீரோக் கதவு கிறீச்சிட்டது. கடைசியாக, டக் என்று ஒரு சத்தம். மெயின் சுவிட்ச். காதுக்காரர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார். இரண்டு தட்டு தட்டினார், நெற்றியாலேயே.

கதவு திறந்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஐயாவின் சட்டையில் மட்டும் பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. "வாங்க சம்பந்தி, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று அம்மா ஆரம்பிப்பதற்குள் இவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வீட்டு ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். முன்மூடியைத் திறந்தார்.

உள்ளே தகட்டின் மேல் விரற்கடை கனத்துக்கு வெள்ளையாகப் பனிக்கட்டி. உருக நேரம் கிடைக்காத பனிக்கட்டி.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று ஏணி மேலிருந்து குழந்தை மாதிரி கத்தினார். "இதான் சாயங்காலத்துக்குள்ள உருகி ஓடிடுது! தண்ணியை நீங்க துடைச்சுடறீங்க! நான் வந்து காய்ஞ்ச மெஷினைப் பாத்துட்டுப் போறேன்!"

பனி கட்டுகிறது என்றால் காற்று போதவில்லை. மெஷின் மேல்பக்கமாகக் காற்றை இழுத்து, குளிர வைத்து, கீழ்ப்பக்கமாக விட வேண்டும். ஃபில்டரை உருவிப் பார்த்தார், கண்ணாடி மாதிரி சுத்தம். சுவிட்சைப் போட்டு விசிறியைக் கேட்டார், சரியாகச் சுற்றியது. குறட்டையும் இல்லை! இப்போது இல்லாத அடைப்பு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எங்கிருந்து வந்தது? ஏணியில் நின்றபடியே ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஏழு முறை வந்தும் பார்க்காததை அப்போதுதான் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குப் பூப்போட்ட உறை. டிவிக்கு உறை. தண்ணீர் கேனுக்குப் பாவாடை மாதிரி ஒன்று. ரிமோட்டுக்குக்கூடச் சட்டை. அந்த வீட்டில் அம்மணமாக இருந்தது ஏசி மட்டும்தான்.

"இதுக்கு உறை இல்லையா?" என்றார் மெதுவாக.

சம்பந்தியம்மா பீரோவைப் பார்த்தார். ஐயாதான் வெள்ளந்தியாகச் சொன்னார்: "இப்பத்தானே உருவி பீரோல வெச்சே?"

அம்மா கொண்டுவந்து கொடுத்தார். இளநீலத் துணி, ஓரத்தில் கையால் போட்ட பூத்தையல், விலகாமல் இருக்க எலாஸ்டிக். மெஷினின் மேல்பக்கத்தை ஒரு இடுக்குக்கூட விடாமல் மூடுகிற மாதிரி அளவெடுத்துத் தைத்தது.

"எப்பவும் போட்டுத்தான் வெச்சிருப்போம் சம்பந்தி. நீங்க வேலை பாக்க எடைஞ்சலா இருக்குமேன்னுதான் கழட்டி வெக்கிறது."

எட்டு மாத எரிச்சலும் ஒரேயடியாக அவர் வாய்க்கு வந்தது. சென்சார், போர்டு, நாற்காலி போட்டு முறைத்தது, விருந்தாளிகள் சிரித்த சிரிப்பு, ராத்திரி அழுத மகள். சம்பந்தி வீடு என்பது மறந்தே போனது.

"எந்தப் புத்திசாலிங்க இதைத் தைச்சது? மூச்சு விடற எடத்தை இப்படி இழுத்துக் கட்டினா மனுஷனே செத்துப் போவான்! துளி மூளை இருக்கறவங்க செய்யற வேலையா இது?"

சம்பந்தியம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணுதாங்க" என்றார். "வந்து ரெண்டாவது மாசம். அப்பா குடுத்த மெஷினு அத்தை, தூசி படக் கூடாதுன்னு ராத்திரி ராத்திரி உக்காந்து தைச்சா. அவ இந்த வீட்டுல தைச்ச முதல் உறை. அதைப் பாத்துதான் மத்ததுக்கெல்லாம் நான் தைச்சேன்."

காதுக்காரர் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். கடைசியில் தூசிக்கு எமன் பட்டம் கொடுத்த ஆளிடமே வந்து நின்றது வழக்கு.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. எட்டு மாசமா இவரு பண்ற கேலிக்கெல்லாம் தானே காரணம்னு தெரிஞ்சா மனசொடிஞ்சு போயிடுவா. உறையைத் துவைச்சு உள்ள வெச்சுட்டதா நான் சொல்லிக்கறேன். நீங்க மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடுங்களேன்."

இத்தனை நாளும் இந்த அம்மாதான் குத்திக் காட்டுகிறார் என்று மனதுக்குள் கரித்துக்கொட்டியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் தலையாட்டிவிட்டார்.

மகளைக் கூப்பிட்டார். "கண்டுபிடிச்சுட்டேம்மா. என் தப்புதான். மாட்டுறப்பவே ஒரு பைப்பைச் சரியா முடுக்காம விட்டிருக்கேன்."

"எட்டு மாசமா?" என்றாள் அவள். "ஏழு தடவை வந்தீங்களேப்பா!"

"ஆமா."

"முடுக்கினோமான்னு பாக்கறதுதானே முதல் வேலை? எங்களை மட்டும் அந்தத் திட்டு திட்டுவீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் ஆமாம் போட்டார். பக்கத்தில் ஐயா, "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு பைப்பா சம்பந்தி!" என்று சிரித்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று அம்மா சீறியதில் சிரிப்பு நின்றது. அடுத்த தெரு மெக்கானிக்குக்கு, வர வேண்டாமென்று காரணத்தோடு தகவல் போனது. மறுநாள் சாமான் கடையில் அந்த ஆள் எல்லார் முன்னாலும், "என்னண்ணே, பைப்பாமே?" என்றான். அதையும் விழுங்கினார். மனைவியிடமும் பைப் என்றே சொன்னார். அவளிடம் உண்மையைச் சொன்னால் அது மகள் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது.

ஐந்தாம் நாள் மகள் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா, மாமா மூணு மணிக்குப் போர்வை கேட்டாராம்! இனிமே ஒருத்தர் வாயைத் திறக்க முடியாது."

"நல்லதும்மா." அவருக்கு இதற்காக எத்தனை பைப்பை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அத்தை அந்த உறையைத் துவைச்சு பீரோல பத்திரமா வெச்சுட்டாங்க. நல்லா இருக்கறதை தினம் போட்டு வீணாக்க வேணாமாம். எனக்கு மனசே கேக்கலைப்பா. அதனால கெட்டித் துணியா வாங்கிட்டு வந்திருக்கேன். வெளியில பால்கனியில இருக்குல்ல பெரிய பெட்டி, அது பாவம் வெயில்லயும் தூசியிலயும் நிக்குது. அதுக்கு நாலு பக்கமும் மூடற மாதிரி ஒண்ணு தைக்கிறேன். பாதி முடிஞ்சுடுச்சு."

காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வெளிப்பெட்டியை நாலு பக்கமும் மூடினால் மூன்று மணி வரைகூடத் தாங்காது, மெஷினே வெந்துபோகும். போனுக்குள் தையல் மெஷின் கடகடவென்று ஓடுவது அவர் காதுக்குத் தெளிவாகக் கேட்டது. எண்ணெய் போட்டு, தூசி தட்டி, நல்ல நிலையில் வைத்திருந்தாள்.

"அம்மாடி" என்றார். "அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."